ஐந்து நாள் மாத்திரை முடிந்தது, நிறுத்தலாமா?

கேள்வி: என் கணவருக்கு எட்டு மாதத்துக்கு முன் கிட்னி மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட், பிரெட்னிசோலோன் சாப்பிடுகிறார். ஃப்ளூ என்று ஐந்து நாளுக்கு ஒசெல்டாமிவிர் கொடுத்தார்கள். இன்றோடு முடிகிறது. காய்ச்சல் இல்லை, இருமல்தான் விடவில்லை. நிறுத்திவிடலாமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம், அம்மா. இன்றைய கடைசி வேளை மாத்திரைக்கு முன்பே மாற்று சிகிச்சைக் குழுவுக்குப் போன் செய்துவிடுங்கள்.

ஐந்து நாள் என்பது எதிர்ப்பு சக்தி நன்றாக இருப்பவர்களுக்கான கணக்கு. ஒரு செல்லில் பெருகிய வைரஸ் அடுத்த செல்லுக்குப் போகாமல் தடுப்பதுதான் ஒசெல்டாமிவிரின் வேலை. மிச்சத்தை உடம்புதான் ஒழிக்க வேண்டும். புதுக் கிட்னியைக் காப்பதற்காக அந்தச் சக்தியைத்தான் மூன்று மருந்தால் அடக்கி வைத்திருக்கிறோம். அதனால் இவர்களிடம் வைரஸ் வாரக்கணக்கில் தங்கலாம். பத்து நாள், சிலருக்கு அதற்கு மேலும் மருந்து தருகிறோம்.

காய்ச்சல் இல்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். பிரெட்னிசோலோன் காய்ச்சலை மறைத்துவிடும். மூச்சு வாங்கினாலோ, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினாலோ போனுக்குக் காத்திராமல் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

போன் செய்யும்போது கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கடைசி கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். ஒசெல்டாமிவிரின் வழக்கமான அளவு 75 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை. கிட்னியின் வேகம் குறைந்திருந்தால் 30 மில்லிகிராமாகக் குறைப்போம். அதைக் குழந்தை டோஸ் என்று நினைத்து இரண்டிரண்டாகக் கொடுத்துவிடாதீர்கள்.

நீண்ட நாள் மருந்து எடுத்தும் வைரஸ் பாசிட்டிவாகவே இருந்தால், அது மருந்துக்கு அடங்காத வகையாக மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எச்1என்1 என்ற ஃப்ளூ வைரஸில் எச்275ஒய் என்ற மரபணு மாற்றம் வந்தால் ஒசெல்டாமிவிர் பலிக்காது, பெராமிவிர் என்ற இன்னொரு ஃப்ளூ மருந்தையும் நம்ப முடியாது; பெரும்பாலும் சனாமிவிர் என்ற மற்றொரு ஃப்ளூ மருந்து கைகொடுக்கும்.

அப்புறம், இருமலுக்கென்று மருந்துக் கடையில் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிவிடாதீர்கள். ரத்தத்தில் டாக்ரோலிமஸை ஏற்றிவிடும். உடம்பு வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் இரண்டும் கிட்னிக்கு ஆகாது. ஒசெல்டாமிவிரால் டாக்ரோலிமஸுக்குத் தொந்தரவு இல்லை. டாக்ரோலிமஸை ஒரு வேளைகூட விட வேண்டாம்.

சென்னையில் ஐப்பசி மழையோடு ஃப்ளூவும் ஏறும். வருடா வருடம் அதற்கு முன்பே அவருக்கும் வீட்டில் எல்லோருக்கும் தடுப்பூசி போட்டுவிடுங்கள். அவருக்கு ஊசிதான், மூக்கில் அடிக்கும் உயிருள்ள மருந்து கூடாது.