தேயிலை ஃபேக்டரி கரண்ட் செலவு: கடன், மானியம், கேள்வி பதில்

கோத்தகிரி: இலையை வாட்டும் ட்ரஃப் (விசிறிக் காற்று அடிக்கும் நீளத் தொட்டி) 10 இருக்கின்றன, எல்லாவற்றிலும் 7.5 ஹெச்பி மோட்டார். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி கருவி போடக் கடன் வாங்கினால் மிச்சமாகும் காசிலேயே தவணை கட்ட முடியுமா?

முடியும், கடன் காலம் சரியாக இருந்தால். விசிறி வேகத்தை 80 சதவீதத்துக்கு இறக்கினால் கரண்ட் ஏறக்குறைய பாதியாகும். ஆனால் ஈர இலைக்கு முதலில் முழுக் காற்று வேண்டும். மேல் ஈரம் போன பிறகுதான் இறக்கலாம். 4.5 கிலோவாட் இழுக்கும் மோட்டார் தினம் 7 மணி நேரம் 80 சதவீதத்தில், வருடம் 250 நாள் ஓடினால் ட்ரஃபுக்குச் சுமார் 3,700 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்றால் மாதம் 2,450 ரூபாய். ஒரு ட்ரஃபுக்குப் பொருத்தி முடிக்க 45,000 ஆகிறது, வட்டி 11 சதவீதம் என்று வையுங்கள். 3 வருடக் கடனுக்கு மாதத் தவணை 1,475, மிச்சத்திலேயே அடைந்துவிடும். ஒரு வருடக் கடனுக்கு 3,975, கைக்காசு போகும். பனிக்காலத்தில் இலை குறையும், மிச்சமும் குறையும் என்பதை பேங்கில் முன்கூட்டியே சொல்லுங்கள். விஎஃப்டியை ட்ரஃப் ஓரத்தில் மாட்டாதீர்கள், ஈரம் போர்டைத் தின்றுவிடும்.

குன்னூர்: மானியம் முதலிலேயே கைக்கு வருமா?

வராது. தமிழக அரசின் 'பீஸ்' திட்டம் செலவழித்த பிறகே திருப்பித் தரும்: கரண்ட் எங்கே வீணாகிறது என்று பார்க்கும் எனர்ஜி ஆடிட்டின் கட்டணத்தில் 75 சதவீதம், ஆடிட்டர் பரிந்துரைத்த மெஷின் விலையில் 25 சதவீதம், இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பியுங்கள். ஆடிட்டுக்கு முன் மெஷின் வாங்காதீர்கள்.

மஞ்சூர்: எஸ்கோ (கரண்ட் மிச்சம் பிடித்துத் தரும்) கம்பெனி தன் காசில் மெஷின் போட்டு, மிச்சத்தில் பங்கு கேட்கிறது. சரியா?

சரிதான். ஆனால் மிச்சத்தை மாத பில்லை வைத்து அளக்கக் கூடாது. ஒரு கிலோ தூளுக்கு எத்தனை யூனிட் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

அரவேணு (குறுக்கிட்டு): அதிலும் ஏமாறலாம். இலை அதிகம் வந்தாலே கிலோவுக்கு யூனிட் தானாகக் குறையுமே?

நியாயமான கேள்வி. மார்ச்சில் 20,000 கிலோவுக்கு 14,000 யூனிட் என்றால் கிலோவுக்கு 0.70. மே மாதம் 40,000 கிலோவுக்கு 24,000 யூனிட் என்றால் 0.60. புது மெஷின் இல்லாமலே இந்த இறக்கம் வரும், அதற்கும் பங்கு கேட்பார்கள். அதனால் மே மாதத்தைப் போன வருட மே மாதத்தோடு, ஏறக்குறைய அதே அளவு தூள் ஓடிய நாட்களை எடுத்து ஒப்பிடுங்கள்.

அரவேணு: அத்தனை கணக்கை யார் எழுதுவது?

ட்ரஃப் லைனுக்குத் தனி மீட்டர் மாட்டி ஷிப்ட் முடிவில் ரீடிங் குறித்தால் போதும். அந்த மீட்டரை மெஷின் போடுவதற்கு முன்பே மாட்டுங்கள். பழைய ரீடிங் இல்லாமல் மிச்சத்தை நிரூபிக்க முடியாது.

கொடைக்கானல் லாட்ஜ்: கீசருக்குப் பதில், காற்றிலிருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீரைச் சுடவைக்கும் ஹீட் பம்ப், கடனில்?

நல்லது. விற்பவரிடம் 5 டிகிரி குளிரில் எவ்வளவு திறன் என்று எழுதி வாங்குங்கள். 25 டிகிரிக்கான எண் உங்கள் ஊருக்கு உதவாது.

குந்தா: மெஷின் வாங்கிவிட்டேன், மானியம் முதலில்...

குன்னூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். ஆடிட் பரிந்துரை இல்லாத மெஷினுக்கு 25 சதவீதம் கிடையாது.

கூடலூர்: தூளைக் காயவைக்கும் ஹீட்டருக்கு விறகு அதிகம் போகிறது. புது ஹீட்டருக்குக் கடன் வாங்கவா?

முதலில் விறகைப் பிளந்து, கூரைக்கடியில் காற்றோட்டமாக அடுக்கிக் காயவிடுங்கள். பச்சை விறகில் உள்ள தண்ணீரை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பங்கு வீணாகும், எரிவதும் மந்தமாகும்; அந்த நிலையில் புது ஹீட்டர் மட்டும் கைகொடுக்காது. காய்ந்த விறகில் ஒரு சீசன் ஓட்டி, கிலோ தூளுக்கு எத்தனை கிலோ விறகு என்று குறித்த பிறகு பேங்குக்குப் போங்கள்.