குத்தலாகப் பேசினார் என்று வேலையை விட்டு நீக்கலாமா?

கேள்வி: யூடியூபில் வரும் போக்கர் சீட்டாட்ட நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினேன். ஆட்டக்காரர்களைச் சீண்டுவதுதான் என் பாணி. அதற்காகவே என்னை எடுத்தார்கள். தோற்ற விருந்தினர் ஒருவரைக் கேலி செய்த பகுதிக்குக் கண்டனம் வந்ததும், "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டார்கள். 2 மாதப் பணம் பாக்கி. நிறுவனத்தின் பெயருக்குக் களங்கம் வந்தால் உடனே நீக்கலாம், மற்றபடி 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும், விலகிய பின் ஓராண்டு வேறு நிகழ்ச்சி செய்யக் கூடாது என்று ஒப்பந்தம் சொல்கிறது. வேலையைத் திரும்பப் பெற முடியுமா?

பதில்: முதலில் உங்கள் பணத்தில் பிடித்த வருமான வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பாருங்கள். அந்த வரி சம்பளத்துக்கான பிரிவில் இருந்தால் சம்பளக்காரர், தொழில்முறைக் கட்டணத்துக்கான பிரிவில் இருந்தால் கட்டணம் வாங்கியவர் என்றே நிறுவனம் உங்களைக் காட்டியிருக்கிறது. இது மட்டுமே முடிவல்ல. ஆனால் எதிர்த்தரப்பு முதலில் நீட்டும் காகிதம் இதுதான்.

கட்டணக்காரர் என்றால் வேலையைத் திரும்பக் கேட்பது வீண். நோட்டீஸ் கொடுத்து முடித்துக்கொள்ளக்கூடிய ஒப்பந்தத்தைத் தொடரும்படி நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது (குறித்தவகைத் தீர்வுச் சட்டம் 1963, பிரிவு 14). பாக்கியையும் 30 நாள் நோட்டீஸ் தொகையையும் கேளுங்கள். அதற்குமேல் கோடிக்கணக்கில் மானநஷ்டம் கேட்டு நோட்டீஸ் விடுவது பெரும்பாலும் வெற்று மிரட்டல்தான். சம்பளக்காரராக 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்து, நிர்வாகப் பதவியில் இல்லாதவர் என்றால், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 41 கைகொடுக்கும்: தவறான நடத்தை என்று நீக்க விசாரணையும் சாட்சியமும் வேண்டும்.

'களங்கம்' என்ற விதியைத்தான் அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். உங்கள் பலமும் அங்கேதான் இருக்கிறது. அந்தக் கேலி நேரலையில் போனதா, வெட்டித் தொகுத்த பிறகு போனதா? தொகுத்திருந்தால், அதைப் பார்த்து, ஒப்புதல் தந்து, பதிவேற்றியது நிறுவனம். முந்தைய கேலிகளை ப்ரொமோவாக ஓட்டியிருந்தால், "இன்னும் காரமாகப் பேசு" என்று காதுக்கருவியில் தயாரிப்பாளர் சொல்லியிருந்தால், களங்கம் என்ற வாதம் தள்ளாடும். ஆனால் சாதி, பாலினம், உடல் பற்றிப் பேசியிருந்தால் இந்த வாதத்தை நம்பி இறங்காதீர்கள்.

ஆகவே இன்றே வக்கீல் நோட்டீஸில் வெட்டாத மூலப்பதிவு, காதுக்கருவி ஒலிப்பதிவு, ஒப்புதல் மின்னஞ்சல்கள் ஆகியவற்றை அழிக்கக் கூடாது என்று எழுதச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மட்டும் போதாது. உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து, அந்த போனையும் மாற்றாமல் வையுங்கள்; மின்னணுச் சாட்சியத்தோடு தர வேண்டிய சான்றிதழில் (பாரதிய சாட்சிய அதிநியம் 2023, பிரிவு 63) ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீட்டை, குறிப்பிட வேண்டும். பாக்கியைத் தருகிறோம் என்று 'முழுக் கணக்கும் தீர்ந்தது' ரசீதை நீட்டினால், நோட்டீஸ் தொகையும் சேரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் நடுவரிடம் தீர்க்க வேண்டும் என்ற விதி ஒப்பந்தத்தில் இருந்தால் நேராக வழக்குப் போட்டுப் பயனில்லை. நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டம் 1996, பிரிவு 21 நோட்டீஸிலிருந்து தொடங்க வேண்டும். பாக்கிக்கான காலவரம்பு 3 ஆண்டு.

நீங்கள் சொல்லாமல் விட்டது ஒன்று: நிகழ்ச்சியின் விளம்பரதாரர் யார்? பணம் கட்டி ஆடும் ஆன்லைன் போக்கர் செயலி என்றால், 2025-இன் மத்திய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் அதை விளம்பரம் செய்வதற்கே 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஒப்பந்தத்தின் நோக்கமே சட்டவிரோதம் (ஒப்பந்தச் சட்டம், பிரிவு 23) என்று எதிர்த்தரப்பு கிளப்பலாம். எந்தத் தேதிப் படப்பிடிப்புக்கு எவ்வளவு பாக்கி என்று தனித்தனியாகப் பிரித்து, வக்கீலிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஓராண்டுத் தடை? ஒப்பந்தம் முடிந்த பிறகு அது செல்லாது (ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27). அடுத்த நிகழ்ச்சிக்குத் தாராளமாகப் பேசுங்கள். பழைய நிகழ்ச்சியின் பெயரையும் காட்சிகளையும் மட்டும் தொடாதீர்கள்.