அதிரடிப் படமும் பதின்வயதுப் பிள்ளையும்: கேள்வி பதில்

திரைப்படச் சான்றிதழ்க் குழுவில் ஆலோசனை உறுப்பினராக இருந்த பள்ளி ஆசிரியர் ஒருவர், பெற்றோரின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் மகனுக்கு வயது பதினான்கு. யுஏ 16+ சான்றிதழ் பெற்ற அதிரடிப் படம் ஒன்றை வகுப்பில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று அடம்பிடிக்கிறான். அனுப்பலாமா?

பதில்: 1983 முதல் வழக்கில் இருந்த யுஏ சான்றிதழ், பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பெற்றோரின் வழிகாட்டுதலுடன் பார்க்க வேண்டும் என்று மட்டுமே சொன்னது. 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அதை 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரித்தது. மூன்றுமே பெற்றோருக்கான அறிவுரைகள். வாசலில் தடுக்கும் ஆணைகளாக அவை எழுதப்படவில்லை. ஆகவே முடிவு உங்கள் கையில்தான் இருக்கிறது.

நான் இரத்தத்தின் அளவைப் பார்ப்பதில்லை. அடிபட்டவனுக்கு வலிக்கிறதா, அவனைத் தேடி யாராவது வருகிறார்களா, அடித்தவனை அந்தச் செயல் பிறகு தொந்தரவு செய்கிறதா என்பவற்றையே பார்க்கிறேன். நாற்பது பேரைச் சாய்த்துவிட்டு நாயகன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நடக்க, பின்னணி இசை அவனைத் தோளில் தூக்கிக் கொண்டாடுமானால், ஒரு துளி இரத்தம் காட்டப்படாவிட்டாலும் அந்தக் காட்சி பதினான்கு வயதுக்கு உகந்ததன்று. காவல் நிலையச் சித்திரவதையை நேராகக் காட்டும் படமோ பார்க்கக் கடினமானது. ஆயினும் அடிப்பவனாக இருக்க வேண்டும் என்ற ஆசையை அது எவரிடமும் உண்டாக்குவதில்லை. பதினாறு வயதுப் பிள்ளையோடு அமர்ந்து அதைப் பார்க்க நான் தயங்க மாட்டேன். வன்முறையைப் போற்றவோ நியாயப்படுத்தவோ கூடாது என்று 1991ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன.

நம் படங்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். நாயகனின் கோபத்துக்குக் காரணம் வேண்டும் என்பதற்காகவே ஒரு தங்கையோ மனைவியோ சிதைக்கப்படுகிறாள்; அதன்பின் கதை அவளை மறந்துவிடுகிறது. கத்திச் சண்டையைவிட எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான்.

முன்னோட்டத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முதலில் நீங்கள் படத்தைப் பாருங்கள்.

கேள்வி: மகளுக்குப் பதினாறு வயது. படம் ஏ சான்றிதழ் பெற்றது. நான் உடன் சென்றால் அனுமதிப்பார்களா?

பதில்: மாட்டார்கள். அமெரிக்காவில் ஆர் சான்றிதழ் பெற்ற படத்துக்குப் பதினேழு வயது நிரம்பாதவர் பெற்றோருடன் செல்லலாம். நம் சட்டத்தில் அந்தச் சலுகை இல்லை. 2025இல் ‘கூலி’ திரைப்படத்துக்கு ஏ சான்றிதழ் வழங்கப்பட்டபோது, அதன் தயாரிப்பாளர்கள் யுஏ கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றார்கள், மனு தள்ளுபடியானது.

கேள்வி: யுஏ 16+ படம், மகனுக்குப் பதின்மூன்று வயது. அழைத்துச் செல்லலாமா?

பதில்: முதல் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எண்பதுகளில் நாங்கள் எல்லாச் சண்டைப் படங்களையும் பார்த்துத்தான் வளர்ந்தோம். யார் கெட்டுப்போனோம்? கலிங்கத்துப்பரணி என்ற பழைய போர் இலக்கியத்தில் பேய்கள் போர்க்களத்தில் பிணங்களைக் கொண்டு கூழ் சமைக்கின்றன. அதை எழுதியவரைப் புலவர் என்று போற்றுகிறோம். திரையில் காட்டினால் மட்டும் குற்றமா?

பதில்: இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். கலிங்கத்துப்பரணியைப் படிக்கும் மாணவன் தன் கற்பனை தாங்கும் அளவுக்கே அந்தக் கூழைக் காண்கிறான். திரையரங்கின் ஒலியும் அண்மைக் காட்சியும் அவனிடம் அப்படி அனுமதி கேட்பதில்லை.

கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் தெருக்கூத்து? பாரதக் கூத்தில் கொலை கண்முன்னே நடக்கிறது. குழந்தைகள் விடிய விடிய முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

பதில்: நல்ல உதாரணத்தைத் தந்திருக்கிறீர்கள், என் வாதத்துக்கே அது துணை நிற்கிறது. வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில், பாரதப் போரின் முடிவை நடித்துக் காட்டும் படுகளத்தன்று, துரியோதனனின் பெரிய மண்ணுருவத்தைத் தரையில் கிடத்துகிறார்கள். வீமன் வேடமிட்டவர் அதன் தொடையில் அடிக்கிறார். திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். கதைப்படி சபதம் நிறைவேறிவிட்டது. ஆனாலும் கூத்து அத்துடன் முடிவதில்லை. துரியோதனனின் மனைவி பெருந்திருவாள் வந்து ஒப்பாரி வைக்கிறாள். ஊரே வெறுத்த வில்லனுக்கும் அழ ஒருத்தியைக் கூத்து அனுப்புகிறது. முன்வரிசைக் குழந்தையும் அந்த அழுகையைக் கேட்கிறது. உங்கள் அதிரடிப் படத்தில் சாய்ந்த நாற்பது அடியாட்களுக்கு ஒப்பாரி வைக்க யார் வந்தார்கள்?

கேள்வி (வேறொருவர்): ஒப்பாரிக் காட்சி ஒன்றைச் சேர்த்துவிட்டால் எந்தப் படமும் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. மூன்று நிமிடம் அழவைத்துவிட்டு அடுத்த காட்சியில் அதையே பழிவாங்கும் உரிமமாக்கும் வித்தையை நம் இயக்குநர்கள் நன்கு அறிவார்கள். நாயகனின் ஆட்களுக்காக மட்டும் அழும் படத்தை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேள்வி: வன்முறைப் படம் பார்த்தால் பிள்ளை வன்முறையாளன் ஆவான் என்று ஆராய்ச்சி நிரூபித்துவிட்டதல்லவா?

பதில்: நீங்கள் நினைப்பது 1961இல் ஸ்டான்போர்டில் ஆல்பர்ட் பண்டூரா நடத்திய பொம்மைச் சோதனையாக இருக்கலாம். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைக் கண்ட சிறு குழந்தைகள் தாமும் அடித்தார்கள். அவர்கள் மழலைப் பள்ளி வயதினர். அந்தப் பொம்மையோ அடித்து விளையாடவே செய்யப்பட்டது. பதினைந்து வயதுப் பையன் ஒரு படம் பார்த்துக் குற்றவாளி ஆவான் என்று அதிலிருந்து முடிவு கட்ட இயலாது. என் கவலை வேறு: பிறர் வலியைப் பார்த்துச் சிரிக்கப் பழகுவது.

கேள்வி: வீட்டில் ஓடிடியில் பார்த்தால்?

பதில்: 2021ஆம் ஆண்டின் விதிகளின்படி, 13+ மற்றும் அதற்கு மேற்பட்ட வயது வகைப் படங்களுக்குப் பெற்றோர் பூட்டு வசதி தரப்பட வேண்டும். அதைப் போட்டுவைப்பது உங்கள் வேலை; கடவுச்சொல் பிள்ளையின் பிறந்த நாளாக இருக்க வேண்டாம்.

கேள்வி: கைப்பேசித் துப்பாக்கி விளையாட்டுகள்?

பதில்: என் துறையன்று.

கேள்வி: படம் பார்த்ததிலிருந்து மகள் இரவில் தூங்குவதில்லை.

பதில்: திரைப்பட ஆலோசனை இங்கு உதவாது. தாமதிக்காமல் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: முன்னோட்டத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. பையனுக்குப் பதினைந்து. போகலாமா?

பதில்: முன்னோட்டத்தைப் பற்றி ஏற்கெனவே சொன்னேன். இரண்டு நிமிட விளம்பரத்தில் படத்தின் கடுமையான காட்சியைத் தேடாதீர்கள்.

கேள்வி: மூத்தவனுக்குப் பதினாறு, இளையவளுக்கு ஒன்பது. ஒருவரை விட்டு ஒருவரை அழைத்துச் சென்றால் வீட்டில் சண்டை வரும். இருவருமே வரட்டுமா?

பதில்: வேண்டாம். மூத்தவனோடு உங்களில் ஒருவர் செல்லுங்கள். மற்றவர் இளையவளை வேறு படத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். திரும்பும் வழியில் மூத்தவனிடம் படம் பிடித்ததா என்று கேட்காதீர்கள். எந்த இடத்தில் திரையிலிருந்து பார்வையை விலக்கினான் என்று கேளுங்கள். எங்குமே விலக்கவில்லை என்றால், அரங்கு கைதட்டியபோது அவனும் தட்டினானா என்பது உங்கள் அடுத்த கேள்வி.