தம்பியிடம் அதைக் கேட்கலாமா?

கேள்வி: மனச்சோர்வுக்காக வார்டில் இருந்த தம்பியைப் போன வாரம் துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் செய்து) தோட்டத்து லய வீட்டுக்குக் கூட்டி வந்தோம். "நான் இருந்து என்ன பயன்?" என்கிறான். சாகிற எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்டால், அதுவே தூண்டிவிடாதா?
– ஒரு அக்கா, மஸ்கெலியா

பதில்: தூண்டாது தங்கச்சி, கேளுங்கள். மனநல வார்டில் இருபது வருடம் தாதியாக இருந்தவள் சொல்கிறேன்: கேட்டதும் பலர் அழுதார்கள், அப்புறம்தான் மனம் திறந்தார்கள். புத்திமதி வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, பிளேன்டீயைக் கையில் கொடுத்துக் கேளுங்கள்.

மருந்து வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். சிலருக்கு உடம்பில் தெம்பு முதலில் வரும், மனசு பிறகுதான் தெளியும். "எழும்பி நடக்கிறானே" என்று எல்லோரும் பெரட்டுக்கு, அதாவது காலைத் தோட்ட வேலைக்கு, போய்விடும் நாட்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். ஆள் மாற்றி ஆள் வீட்டில் இருங்கள். தோட்டத்துப் பூச்சிமருந்துகளையும் அவனுடைய மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். 1995க்குப் பிறகு இலங்கையில் தற்கொலைகள் குறைய, கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்தது பெரிய காரணம்.

"ஆமாம்" என்றானா? தனியே விடாதீர்கள். கிளினிக் தேதி வரும்வரை காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நடு இரவானாலும் 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி எண்ணுக்கு எடுங்கள், தமிழிலேயே பேசலாம்.