வாசகர் கேள்வி: உச்சி வெட்டப்பட்ட மரம்

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கோவிலெதிரே சாலையோரம் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் உச்சியை, காற்றில் சாயாதிருக்க என்று சொல்லி, நகராண்மைக் கழகக் குத்தகையாட்கள் மொட்டையடித்துவிட்டார்கள். இது சரியா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சரியன்று, அம்மா. இலைகளை ஒரேயடியாக இழந்த மரம் வெட்டுவாய்களைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். அந்தக் கிளைகள் கட்டையின் மேற்பரப்பில் மட்டுமே பிடித்திருப்பதால், கனத்தபின் காற்றில் எளிதில் பிய்ந்து விழும். ஆறாத வெட்டுவாய் வழியே அழுகலும் உள்ளிறங்கும்.

கிளை தண்டோடு சேருமிடத்தில் வளையல் போட்டாற்போல் ஒரு புடைப்பு தெரியும். அதற்குச் சற்று வெளியே வெட்டினால்தான் காயம் மூடும். பால்மரம் (ரப்பர்) சீவியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கத்தி கட்டையைத் தொட்டால் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும் என்பதை அவர்கள் கையே அறியும். அத்தகையோருக்குப் பயிற்சியளித்து, மரநல வல்லுநரின் மேற்பார்வையில் நிரந்தர ஊழியர்களாக வைத்துக்கொள்ளாதது எனக்குப் பெரும் வருத்தம்.

தீபகற்ப மலேசியாவில், 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, 0.8 மீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவுள்ள மரத்தை உள்ளூராட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதியின்றிச் சாய்க்கக் கூடாது; பட்டுப்போனவை, உடனடி ஆபத்தானவை போன்றவற்றுக்கு விலக்குண்டு. உங்கள் மரத்துக்கு இப்போது தேவை கவாத்து: புதுத் துளிர்களில் வலுவானவற்றை நிறுத்தி, மற்றவற்றைச் சில ஆண்டுகளில் படிப்படியாகக் களைய வேண்டும். அடிமரத்தில் காளான் தென்பட்டால் படமெடுத்து, வல்லுநர் ஆய்வு கோரி எழுத்திலேயே மனுக் கொடுங்கள்.