பதில்: பழவேற்காட்டில் பூநாரை தென்படவில்லை

பழவேற்காடு ஏரியில் படகெடுத்தும் அம்மாவுக்குப் பூநாரை காட்ட முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரப் பக்கம் நீர் ஆழம். பூநாரை ஆழமில்லாத நீரில் நின்று, சேற்றை அலசித்தான் மேயும். ஜனவரி, பிப்ரவரியில் ஆந்திராவிலுள்ள சூலூர்பேட்டை வாருங்கள். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் நடுவே செல்கிறது, படகே வேண்டாம். காலையில் சாலையின் வடபுறம் பாருங்கள். வெயில் கண்ணில் அடிக்காது. 8 மடங்கு பைனாகுலர் போதும். சேற்றில் மட்டும் இறங்காதீர்கள்: கூட்டம் கலைந்துவிடும், காலும் புதையும். மழை மிகுந்த ஆண்டில் நீர் வடியும்வரை பொறுக்க வேண்டும்.

கூழைக்கடாவுக்கு, சூலூர்பேட்டைக்கு வடக்கே சுமார் 20 கி.மீ. தள்ளி நேலப்பட்டு பறவைகள் சரணாலயம். 1613-இல் எழுந்த டச்சுக் கோட்டையின் மிச்சமும் கல்லறைத் தோட்டமும் தென்கரையில், பொன்னேரி வழி. அதற்குத் தனி நாள் ஒதுக்குங்கள். கல்லறைத் தோட்ட வாசலிலுள்ள எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நின்று பார்க்க வேண்டியவை.