முரளியா, அரவிந்தவா?

கேள்வி: கிரிக்கெட் என்றால் எல்லோரும் பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரனைத்தான் முரளி முரளி என்கிறார்கள். நீங்கள் மட்டும் எப்போதும் துடுப்பாட்டக்காரர் அரவிந்த டி சில்வா பக்கம். ஏன் ஐயா? – வாசகி ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: முரளியைப் பிடிக்காது என்று எங்கே சொன்னேன் பிள்ளை? 2010இல் காலி நகரில், இதுதான் கடைசி டெஸ்ட் என்று முன்பே அறிவித்துவிட்டு 792 விக்கெட்டோடு இறங்கினார். எட்டையும் எடுத்து 800 ஆக்கிவிட்டுத்தான் போனார். அந்தத் துணிச்சல் லேசில் வராது.

ஆனால் அரவிந்த எனக்கு ஒரு இரவு. 1996 மார்ச் 17, லாகூரில் ஆஸ்திரேலியாவுடன் உலகக் கிண்ண இறுதி ஆட்டம். கல்லடியில் எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. மாமாவின் பற்றரி ரேடியோவைச் சுற்றி ஏழெட்டுப் பேர். வர்ணனை ஆங்கிலத்தில், மாமா தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பந்து போட்டுவிடுவார்கள். இலக்கு 242. நாங்கள் 23க்கு 2. மாமா வெற்றிலைத் தட்டத்தை இழுத்துவைத்து, “முடிஞ்சுபோச்சு மனே, படுங்க” என்றார்.

நான் படுக்கவில்லை. நாலு நாள் முன்புதான் கொல்கத்தா அரையிறுதியில், ஒரு ஓட்டத்துக்கு இரண்டு விக்கெட் போன நேரம் வந்து, 47 பந்தில் 66 அடித்த மனிதர் அல்லவா! லாகூரில் பந்துவீசி 3 விக்கெட், 2 பிடி, அப்புறம் ஆட்டமிழக்காமல் 107. கிண்ணம் எங்களுக்கு. மாமா அந்த இரவு எத்தனை வெற்றிலை போட்டார் என்று கணக்கில்லை.

கேள்வி: நீங்கள் விளையாடியது உண்டா? – வாசகர் ஒருவர், கல்முனை

பதில்: உண்டு. கல்லடிக் கடற்கரையில், தென்னை மட்டையால். பந்து கடலுக்குள் போனால் ஆட்டமிழப்பு. நான் அடித்ததெல்லாம் கடலுக்குத்தான் போனது.